1060-ஆ, 4060-ஆ? கிராபிக்ஸ் கார்டின் அட்டவணையைப் படிக்கும் விதம்

"ரெண்டும் அறுபதுதானே அண்ணே. அதுல ஆறு ஜிபி, இதுல எட்டு ஜிபி. ரெண்டு ஜிபிக்கா இம்புட்டு ரூவா வித்தியாசம்?"

மதுரையில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் மேல் தப்பில்லை. டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது ஜிபி மட்டும்தான். வேகத்தைத் தீர்மானிக்கிற மற்ற எண்கள் எல்லாம் கம்பெனி வெப்சைட்டில் ஒரு நீள அட்டவணைக்குள் கிடக்கின்றன. அதைத் தேடி எடுத்தவர்களும் பழைய கார்டின் எண்ணையும் புதிய கார்டின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரியது எதுவோ அதுவே நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அட்டவணையில் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய வரிகள் சிலதான். சில வரிகளைத் தலைமுறை தாண்டி ஒப்பிடவே கூடாது. வேறு சில வரிகளை அடுத்த கார்டோடு அல்ல, உங்கள் வீட்டில் இருக்கும் கேபினெட்டோடு ஒப்பிட வேண்டும்.

செகண்ட்ஸில் அதிகம் புழங்கும் ஒரு பழைய என்விடியா கார்டையும், அதே 60 தரத்தில் வந்த ஒரு புதிய கார்டையும் எடுத்துக்கொள்வோம்.

ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி: வெளியீடு 2016 ஜூலை. 1280 குடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகு). பூஸ்ட் (கடிகார வேகம்) 1708 மெகாஹெர்ட்ஸ். 6 ஜிபி ஜிடிடிஆர்5 மெமரி, 192 பிட், நொடிக்கு 192 ஜிபி. 120 வாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் (மதர்போர்டோடு பேசும் வழி) 3.0 எக்ஸ்16.

ஆர்டிஎக்ஸ் 4060: வெளியீடு 2023 ஜூன். 3072 குடா கோர். பூஸ்ட் 2460 மெகாஹெர்ட்ஸ். 8 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரி, 128 பிட், நொடிக்கு 272 ஜிபி. 115 வாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 எக்ஸ்8.

ஏழு வருடம் கழித்து வந்த கார்டில் 192 பிட் 128 ஆகக் குறைந்திருக்கிறது. எக்ஸ்16 எக்ஸ்8 ஆகிவிட்டது. கரண்டும் 5 வாட் குறைவு. ஆனால் கேம்களில் வேகம் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. ஒவ்வொரு வரியாகப் பார்த்தால்தான் இது எப்படி என்று பிடிபடும்.

முதலில் பெயர்

என்விடியா கார்டில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு இலக்கம் அந்தத் தலைமுறைக்குள் அதன் தரவரிசை. 1060 என்றால் பத்தாம் வரிசையின் 60. 4060 என்றால் நாற்பதாம் வரிசையின் 60. தலைமுறை புதிது என்பதாலேயே எல்லாப் பழைய கார்டையும் அது முந்திவிடாது. 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070-க்கு 5888 கோர், 256 பிட், நொடிக்கு 448 ஜிபி; 4060-ஐ விட அது இன்றைக்கும் வேகமான கார்டுதான். ஆனால் 220 வாட் தின்னும்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருப்பது இதைவிடப் பெரிய வம்பு. 1060-லேயே 3 ஜிபி மாடல் ஒன்று உண்டு. அதில் குறைந்திருப்பது மெமரி மட்டும் என்று நினைத்து வாங்குவார்கள்; உண்மையில் கோரும் 1152 ஆகக் குறைந்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதை: 12 ஜிபி மாடல் 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. பின்னால் வந்த 8 ஜிபி மாடல் 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. டப்பாவில் இரண்டுக்கும் பெயர் 3060 தான்.

எல்லாவற்றையும் விட மோசம் ஜிடி 1030. ஜிடிடிஆர்5 மெமரி போட்ட மாடலில் நொடிக்கு 48 ஜிபி ஓடும். டிடிஆர்4 போட்ட மாடலில் 16.8 ஜிபி, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கேமில் பாதி வேகம் காணாமல் போய்விடும். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. சிறிய கார்டு வாங்கும்போது "எத்தனை ஜிபி" என்பதற்கு முன்னால் "என்ன மெமரி, எத்தனை பிட்" என்று கேளுங்கள்.

ஜிபி சொல்வதும் சொல்லாததும்

கேமில் நீங்கள் பார்க்கும் சுவர், முகம், புல், வானம் எல்லாவற்றின் படங்களும் (டெக்ஸ்ச்சர் என்பது இவற்றைத்தான்) கார்டின் மெமரியில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். இடம் இருக்கும் வரை மெமரியின் அளவு வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. 5 ஜிபி மட்டும் கேட்கிற கேமுக்கு 6 ஜிபியும் ஒன்றுதான், 12 ஜிபியும் ஒன்றுதான்.

இடம் தீர்ந்த நொடியில் கதை மாறுகிறது. வழிந்தது மதர்போர்டில் உள்ள சாதாரண ரேமுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அங்கிருந்து பிசிஐ ஸ்லாட் வழியாக இழுத்து வர வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) பெரிதாகக் குறையாது, ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு விழும். "60 காட்டுது, ஆனா ஜெர்க் அடிக்குது" என்று வருகிற கார்டுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டெக்ஸ்ச்சர் செட்டிங்கை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு ஒரு படி இறக்கிப் பாருங்கள். வெட்டு நின்றுவிட்டால் மெமரி போதவில்லை என்று பொருள். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

1080பி மானிட்டரில் இன்றைய பெரிய கேம்களுக்கு 6 ஜிபி இறுக்கம். 8 ஜிபி ஹை செட்டிங் வரைக்கும் பரவாயில்லை, அல்ட்ராவில் சில கேம்கள் நிரப்பிவிடும். கேம் ஆடாமல் ஏஐ மாடலை வீட்டில் ஓட்டிப் பார்க்க விரும்பும் இன்ஜினியரிங் மாணவர்களுக்குக் கணக்கே வேறு. 700 கோடி அளவுருக்கள் (மாடல் கற்று வைத்திருக்கும் எண்கள்) உள்ள மொழி மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினால் 8 ஜிபிக்குள் வசதியாக அடங்கும். 1300 கோடி என்றால் 8 ஜிபியில் மூச்சு முட்டும், 12 ஜிபியில் ஓடும். இந்த ஒரு வேலைக்காக மட்டும், 4060-ஐ ஒதுக்கிவிட்டுப் பழைய 3060 12 ஜிபியை எடுப்பது சரியான முடிவு. கேமுக்கு அப்படி அல்ல.

பிட்டும் வேகமும்: பெருக்கிப் பாருங்கள்

192 பிட் 128 ஆகக் குறைந்ததைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதன் துணை எண்ணைப் பார்ப்பதில்லை. மெமரியின் ஒவ்வொரு பிட் கம்பியிலும் நொடிக்கு எத்தனை ஜிகாபிட் ஓடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். பிட் அகலத்தை அந்த வேகத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால், நொடிக்கு எத்தனை ஜிபி என்று கிடைத்துவிடும்.

1060: 192 பெருக்கல் 8, வகுத்தல் 8. விடை 192 ஜிபி.
4060: 128 பெருக்கல் 17, வகுத்தல் 8. விடை 272 ஜிபி.
2025-ல் வந்த 5060: 128 பெருக்கல் 28, வகுத்தல் 8. விடை 448 ஜிபி.

அகலம் குறைந்தும் 4060 முந்துகிறது. அதே 128 பிட்டில் ஜிடிடிஆர்7 மெமரி போட்ட 5060 இன்னும் எங்கோ போய்விடுகிறது. ஆகவே பிட்டை மட்டும் தனியாக ஒப்பிடாதீர்கள். பெருக்கி வருகிற எண்ணை எந்தத் தலைமுறைக்கும் நேருக்கு நேர் ஒப்பிடலாம், ஒரே ஒரு திருத்தத்தோடு.

அந்தத் திருத்தம் கேஷ். சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, அதிவேக மெமரி அது. 1060-ல் எல்2 கேஷ் 1.5 எம்பி. 3060-ல் 3 எம்பி. 4060-ல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படுவது உள்ளேயே கிடைத்துவிட்டால் வெளி மெமரிக்குப் போக வேண்டிய தடவை குறையும். அதனால்தான் 272 மட்டுமே உள்ள 4060, 360 உள்ள 3060-ஐ 1080பியில் முந்துகிறது. 4கே மானிட்டரில் போட்டால் கையாள வேண்டிய தரவு கேஷை மீறிப் பெருகும், இந்தச் சலுகை தேய்ந்துகொண்டே வரும். 4060-ஐ 1080பி கார்டு என்று சொல்வதன் காரணம் இதுதான். போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் இதே வேலையை இன்ஃபினிட்டி கேஷ் என்ற பெயரில் அதற்கு முன்பே செய்துவிட்டது. அதன் ஆர்எக்ஸ் 6600 கார்டில் அது 32 எம்பி.

கோர் எண்ணிக்கை: அதிகம் ஏமாற்றும் வரி

1280-லிருந்து 3072. இதைப் பார்த்ததும் மனசு 2.4 மடங்கு என்று கணக்குப் போட்டுவிடும். கடிகார வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு வரும். டெராஃப்ளாப்ஸ் என்று விளம்பரத்தில் போடுவது இந்தப் பெருக்கல்தான்: கோர் எண்ணிக்கை, கடிகார வேகம், இரண்டு, மூன்றையும் பெருக்கினால் 1060-க்கு 4.4, 4060-க்கு 15.1. கேமில் மூன்றரை மடங்கு கிடைக்காது என்பதை மேலே பார்த்தோம். மீதி எங்கே போயிற்று?

இதைப் புரிந்துகொள்ள மூன்று கார்டுகளை வரிசையாக வைக்க வேண்டும். 2016-ன் ஜிடிஎக்ஸ் 1070-ல் 1920 கோர், 1683 மெகாஹெர்ட்ஸ். 2019-ன் ஆர்டிஎக்ஸ் 2060-லும் அதே 1920 கோர், 1680 மெகாஹெர்ட்ஸ். அட்டவணைப்படி இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 2060 ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் வேகம். அடுத்து 2021-ன் ஆர்டிஎக்ஸ் 3060: 3584 கோர், 1777 மெகாஹெர்ட்ஸ். கோர் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் 2060-ஐ விட வேகம் மறுபடியும் அதே 15, 20 சதவீதம்தான் கூடியது.

மதுரைப் புதுமண்டபத்தில் வரிசையாக மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்குள் நடக்கும் வேலையும் இரண்டு வகை: தைப்பது, அளவெடுப்பது. தசமக் கணக்கு தையல், முழு எண் கணக்கு அளவெடுப்பு. 1070-ல் 1920 பேர். தைக்கிற ஆளே எழுந்து போய் அளவும் எடுக்க வேண்டும், அந்த நேரம் மெஷின் சும்மா நிற்கும். 2060-ல் தைக்க 1920 பேர், அளவெடுக்க அதே அளவு தனி ஆட்கள். அட்டவணையில் எழுதியது தைப்பவர்களை மட்டும். எண் மாறாமல் வேகம் கூடியது. 3060-ல் அளவெடுப்பவர்களுக்கும் தையல் சொல்லிக் கொடுத்து, அவர்களையும் தையல்காரர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அளவு கொடுக்க ஆள் வராத நேரத்தில் எல்லோரும் தைக்கலாம். ஆள் வந்துவிட்டால் பாதிப் பேரில் சிலர் டேப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கேமில் ஆள் வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆக, தலைமுறை மாறும்போது கோர் என்று எண்ணுகிற முறையே மாறிவிடுகிறது. கம்பெனி மாறினால் சொல்லவே வேண்டாம். ஆர்எக்ஸ் 6600-ல் ஸ்ட்ரீம் ப்ராசஸர் 1792, சரியாக 3060-ன் பாதி. 1080பியில் இரண்டும் ஒன்றுக்கொன்று வெகு அருகில் ஓடுகின்றன.

இந்த வரி உதவாது என்று அர்த்தமில்லை. உள் அமைப்பு பெரிதாக மாறாத தலைமுறைகளுக்குள் நன்றாகவே உதவும். 3060-லிருந்து 4060-க்கு வரும்போது எண்ணும் முறை மாறவில்லை. 3584 பெருக்கல் 1777, 3072 பெருக்கல் 2460 என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள்: 4060 சுமார் 19 சதவீதம் மேலே வரும். உண்மையான சோதனைகளிலும் அதை ஒட்டித்தான் வருகிறது. கோர் குறைந்தும் கார்டு முந்துவதற்குக் கடிகாரமே காரணம்.

கடிகாரமும் மதுரை வெயிலும்

பூஸ்ட் என்று போட்டிருப்பது வாக்குறுதி அல்ல, வழக்கமான வேலையில் எதிர்பார்க்கக்கூடிய வேகம். கார்டு குளிர்ச்சியாக இருந்தால் அதற்கு மேலேயே ஓடும். சூடானால் தானாக இறங்கும். என்விடியாவின் பல கார்டுகள் 83 டிகிரியை எல்லையாக வைத்துக்கொண்டு, அதை நெருங்கும்போது வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. யூடியூபில் 22 டிகிரி ஏசி அறையில் சோதித்த எண் வேறு, சித்திரை மாதத்து மதுரையில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் 36 டிகிரியில் கிடைக்கும் எண் வேறு. அறை 14 டிகிரி கூடினால், ஃபேன் வேகம் மாறாத பட்சத்தில் கார்டும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

ஆகவே ஒரே 4060-ல் ஒரு ஃபேன் மாடல், இரண்டு ஃபேன் மாடல் என்று இருந்தால், நம் ஊருக்கு இரண்டு ஃபேன். மூன்று ஃபேன் 115 வாட் கார்டுக்குத் தேவையில்லாத செலவு. அதற்குப் பதில் கேபினெட்டின் முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போடுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு மூடிய கேபினெட்டாக இருந்தால் அதுவும் வீண்.

வாட்: எஸ்எம்பிஎஸ் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

120 வாட்டில் ஓடிய கார்டைவிட 115 வாட்டில் ஓடும் கார்டு இரண்டு மடங்கு வேலை செய்வதற்குக் காரணம் சிப் தயாரிப்பு. 1060-ன் சிப் 16 நானோமீட்டர் முறையில் செய்தது. 4060-ன் சிப் டிஎஸ்எம்சி என்ற சிப் கம்பெனியின் 4என் முறையில் செய்தது. டிரான்சிஸ்டர் சிறுத்ததில் கரண்டும் சூடும் மிச்சம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (கேபினெட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்விடியா பரிந்துரைப்பது 1060-க்கு 400 வாட், 4060-க்கு 550 வாட். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் 450 என்று போட்டிருக்கும். அந்த எண்ணை நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்துக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 14, வெறும் 168 வாட். ப்ராசஸருக்கு 65, கார்டுக்கு 115 என்றாலே 180 ஆகிவிட்டது. கேம் திறந்த பத்தாவது நிமிடம் சிஸ்டம் பட்டென்று அணைந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆவது பெரும்பாலும் இதனால்தான். கார்டில் குறை என்று திருப்பிக் கொடுக்க ஓடுவார்கள்.

கனெக்டரும் ஒரு கணக்கு. மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட், 6 பின் தருவது 75, 8 பின் தருவது 150. எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் இல்லையென்று மோலெக்ஸ் ஒயரிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் போட்டுக் கொடுப்பார்கள். மெல்லிய ஒயரில் அவ்வளவு கரண்ட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். கன்வெர்ட்டர் தேவைப்படுகிறது என்றாலே அந்த எஸ்எம்பிஎஸ் இந்தக் கார்டுக்கு ஆனதில்லை.

யுபிஎஸ்ஸையும் விடாதீர்கள். வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸால் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்க முடியும். 4060 போட்ட சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து 250 வாட்டைத் தொடும். பழைய பேட்டரியாக இருந்தால் கரண்ட் போன நொடியே யுபிஎஸ் கத்திவிட்டு அணையும். 170 வாட் 3060-க்கு இன்னும் இறுக்கம்.

எக்ஸ்8 என்பது எப்போது வலிக்கும்

இந்த வரியில்தான் பழைய கார்டு புதிய கார்டை ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே எத்தனை லேன் என்பது எக்ஸ்16, எக்ஸ்8. ஒவ்வொரு லேனும் எவ்வளவு வேகம் என்பது 2.0, 3.0, 4.0. ஒவ்வொரு படிக்கும் வேகம் இரட்டிப்பு. 4060-ஐ 4.0 போர்டில் போட்டால் எக்ஸ்8-லேயே நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி. 1060-க்கு 3.0 எக்ஸ்16-லும் அதே 16 ஜிபி. ஆக, புதிய போர்டில் குறை ஒன்றும் இல்லை.

கம்பெனிகளில் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் ஐ5 சிஸ்டங்களில் எச்61, எச்81 போர்டுகள் நிறைய. பெரும்பாலும் 2.0 ஸ்லாட். அதில் 1060-க்கு 8 ஜிபி கிடைக்கும், 4060-க்கு 4 ஜிபிதான். மெமரி வழியாத வரை இது சில சதவீதத்தோடு போய்விடும். 8 ஜிபி நிரம்பி வழிந்தால், முன்னால் சொன்ன வெட்டு இரட்டிப்பாகும். இதில் மிகவும் அடிபட்ட கார்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: 4 ஜிபி மெமரி, எக்ஸ்4. பழைய போர்டு வைத்திருப்பவர் அதன் பக்கமே போக வேண்டாம்.

அத்தகைய சிஸ்டத்தில் வேறு இரண்டு தடைகளும் வரும். பயாஸ் (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே உள்ள சாஃப்ட்வேர்) பழையதாக இருந்தால் புதிய கார்டில் டிஸ்ப்ளே வராமலே போகலாம். கார்டு வாங்கும் முன் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். இரண்டாவது, பழைய ப்ராசஸர் ஈடுகொடுக்காது. சோதிப்பது சுலபம்: கேமின் செட்டிங்கை எல்லாம் லோவுக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையென்றால் தடுப்பது ப்ராசஸர். எந்தக் கார்டு போட்டாலும் அதே எண்தான் வரும்.

மானிட்டர் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 1060-ன் டிவிஐயிலேயே விஜிஏ சிக்னல் கிடையாது, 4060 கார்டுகளில் பொதுவாக டிவிஐயே கிடையாது. நீல விஜிஏ ஒயர் மட்டும் உள்ள மானிட்டருக்கு, எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சர்க்யூட் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் பின் மாற்றி வேலை செய்யாது.

அட்டவணையில் எண்ணாக வராதவை

1060-ல் ரே ட்ரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) ஹார்டுவேர் இல்லை. சின்னதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் ஓடாது, அதே மாதிரி வேலை செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஓடும். சமீபத்திய சில பெரிய கேம்கள் ரே ட்ரேசிங் ஹார்டுவேர் இல்லாத கார்டில் திறப்பதே இல்லை. அங்கே எத்தனை மடங்கு வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டிரைவர் விஷயம் இன்னும் முக்கியம். 1060 சேர்ந்த பாஸ்கல் குடும்பத்துக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஏஐ வேலைக்குத் தேவைப்படும் என்விடியா சாஃப்ட்வேரான குடாவின் 13-ஆம் பதிப்பிலும் பாஸ்கல் கிடையாது. ப்ராஜெக்டுக்காகச் செகண்ட்ஸ் 1060 தேடும் மாணவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் என்பது கார்டு தானே நடுவில் ஃப்ரேம்களைக் கற்பனை செய்து செருகுவது. 40 வரிசையில் வந்தது. 25 எஃப்பிஎஸ் ஓடுவதை 50 என்று காட்டும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், மவுஸை அசைத்தால் கை உணர்வது 25-ன் மந்தம்தான். ஆரம்பமே 60-க்கு மேல் இருந்தால் நல்ல வசதி. விளம்பரப் பட்டைப் படங்களில் புதிய கார்டுக்கு மட்டும் இதை ஆன் செய்து ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரியில் 5070-ஐ அறிமுகம் செய்தபோது 4090-ன் வேகம் என்றார்கள். 6144 கோர் கார்டு 16384 கோர் கார்டைத் தொட்டது இந்தச் செருகலின் தயவில். பட்டைப் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மேலே பாருங்கள்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்குக் கோர் எண்ணிக்கையைவிட வீடியோ எஞ்சின் முக்கியம். வீடியோவைச் சுருக்கும் முறைகளில் எச்.264, எச்.265 இரண்டையும் 1060 என்கோட் செய்யும், புதிய முறையான ஏவி1 கிடையாது. 4060 ஏவி1-ஐயும் செய்யும். ஆனால் கேமரா நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 எச்.265-ல் பதிவு செய்தால், டைம்லைன் திணறுவதை 4060-ஆலும் தீர்க்க முடியாது. என்விடியாவில் அதற்கு 50 வரிசை வர வேண்டியிருந்தது. 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் ப்ராசஸர்களில் உள்ளே இருக்கும் கிராபிக்ஸே அதைச் செய்துவிடும். பயாஸில் அதை ஆன் செய்து வைத்தால் போதும். ஆல்பம் டிசைன் மட்டும் செய்பவர் கார்டுக்குப் போடும் பணத்தை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடுவது மேல்.

செகண்ட்ஸ் கார்டைக் கையில் வாங்கும்போது

ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். திறந்ததும் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கிற சரக்கு சந்தையில் உண்டு. அடுத்து கோர் எண்ணிக்கை: 1280 இருக்க வேண்டிய இடத்தில் 1152 இருந்தால் அது 3 ஜிபி மாடலின் சிப். மெமரி வகை, பிட் அகலம், நொடிக்கு எத்தனை ஜிபி என்ற மூன்றும் மேலே சொன்ன எண்களோடு ஒத்துப்போக வேண்டும். பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் 1.1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கார்டு சும்மா இருக்கும்போது கரண்டை மிச்சப்படுத்த இறங்கியிருக்கும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் உண்மையான எண்ணுக்கு ஏறும். ஏறாமல் எக்ஸ்16 கார்டு எக்ஸ்4-லேயே நின்றால், கார்டைக் கழற்றித் தங்க நிறப் பின்களை அழிரப்பரால் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்படியும் நின்றால் வேறு போர்டில் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் சாஃப்ட்வேரை 15 நிமிடம் ஓட்டுங்கள். ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் ஐந்து நிமிடத்துக்குள் 83-ஐத் தொட்டுக் கடிகாரம் இறங்கிக்கொண்டே வந்தால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஹீட்சிங்கில் தூசி அடைத்திருக்கும். அதைச் சரிசெய்ய முடியும், விலையைக் குறைத்துக் கேட்கலாம். திரையில் கலர் புள்ளிகளோ கட்டம் கட்டமாகக் கோடுகளோ வந்தால் மெமரி சிப் போய்க்கொண்டிருக்கிறது. பழுதைத் தற்காலிகமாக மறைக்க ஓவனில் வைத்துச் சூடுகாட்டிய கார்டு கடையில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், வீட்டுக்கு வந்து சில வாரங்களில் படுத்துவிடும். ஆகவே கோடு ஒருமுறை வந்து மறைந்தாலும் அந்தக் கார்டு வேண்டாம். ஃபேனைக் கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள்: ஆடாமல் சுற்ற வேண்டும். ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பேஸ்ட் மாற்றத்தான் திறந்தார்களா என்று கேளுங்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.